குளவி வேஷம் போட்ட வண்டு

அன்புள்ள கவின்,

ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய படத்தில் இருப்பது ருட்பெலா மாக்குலாட்டாதான். மஞ்சள் முதுகில் கரும்பட்டை, உணர்கொம்பிலும் மஞ்சளும் கருப்பும் மாறி மாறி. ஆணா பெண்ணா என்றுதான் தெரியவில்லை. ஆணுக்குப் பின்காலின் உட்புறம் இரண்டு பல் துருத்தியிருக்கும்; உன் படத்தில் கால்கள் பூவுக்குள் புதைந்துவிட்டன. அடுத்த முறை பக்கவாட்டில் எடு.

"மரம் துளைக்கிற இனம்தானே சார், கொன்றுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் கோபம் வந்தது. மாமரத் தண்டுத் துளைப்பான் உயிருள்ள மரத்தைக் குடைகிறது, உண்மை. அதற்காக 30,000-க்கும் அதிகமான இனங்கள் கொண்ட நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? உன் படத்து வண்டின் புழு தின்பது செத்து உளுத்த கட்டையை. பிர்ச், ஓக், வில்லோ எதுவானாலும் சரி, மட்கியிருக்க வேண்டும். உன் கட்டிலை அது சீந்தாது.

இரண்டு மூன்று ஆண்டுகள் புழுவாகக் கட்டைக்குள் இருட்டில் கிடந்துவிட்டு, கோடையில் வெளியே வந்து சில வாரங்களே வண்டாக வாழ்கிறது. அப்போது மகரந்தமும் தேனும்தான் உணவு. கொத்தமல்லிக் குடும்பத்துக் குடைப்பூக்கள் என்றால் கொள்ளைப் பிரியம். கழுத்து ஒடுங்கி, தலை முன்னே நீண்டிருப்பது பூவுக்குள் வாய் வைக்கத் தோது.

இனி அதன் குளவி வேஷத்துக்கு வருகிறேன். குளவியிடம் கொட்டுப்பட்ட பறவை மஞ்சள் கருப்பைக் கண்டாலே ஒதுங்கும். கொடுக்கே இல்லாத இந்த வண்டு அந்தப் பயத்தில் பிழைக்கிறது. இத்தகைய போலித்தோற்றத்தை 1862-இல் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். 1848 முதல் 1859 வரை அமேசான் காட்டில் அலைந்தவர். அந்த விளக்கத்துக்கு அவர் சான்றாகக் காட்டிய பட்டாம்பூச்சிகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இந்த நீள்கொம்பு வண்டுகளை வகைப்படுத்துவதில் அவர் பெரிய நிபுணர் என்பதை யாரும் சொல்வதில்லை. அமேசானின் நீள்கொம்பு வண்டுகளைப் பற்றியே அதே 1860-களில் தொடராக எழுதினார். வண்டில் பழகிய கண்தான் பட்டாம்பூச்சியின் வேஷத்தையும் கண்டுபிடித்தது என்பது என் கட்சி. சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அமேசான் பயணம் பற்றி 1863-இல் அவர் வெளியிட்ட புத்தகம் அங்குள்ள நூலகத்தில் கிடைக்கும். கைபேசியை வைத்துவிட்டு அதைப் படி.

தோட்டத்து மூலையில் கிடக்கும் பிர்ச் கட்டையை வீட்டுக்காரர் எரிக்கப் போகிறார் என்று எழுதியிருந்தாயே, அதைத் தடு. அடுத்த ஆண்டுக்கான வண்டுகள் இப்போதே அதற்குள் இருக்கலாம். கேட்டுப் பார்த்துவிட்டு உடனே பதில் போடு.

அன்புடன்,
உன் விலங்கியல் ஆசிரியர்