மரத் தரைக்கு அடியில் வெந்நீர்

கனடாவிலுள்ள வின்னிபெக் நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30° செ. வரை இறங்குவதுண்டு. அங்கே பழைய வீடுகள் பலவற்றில் தரை ஓக் மரப் பலகைகளால் ஆனது. அறைக் காற்றைச் சூடாக்கினால் அது இலேசாகி மேலே சென்றுவிடும். கால்கள் மட்டும் சில்லிட்டிருக்கும். தரையையே சூடாக்கினால் என்ன?

இது புதிய எண்ணமன்று. பண்டைய ரோமானியர் தம் குளியல் மாளிகைகளின் தரைக்கு அடியே இடைவெளி விட்டு, அதில் உலையின் வெப்ப வளிமங்களைச் செலுத்தினர். கொரிய மக்கள் ‘ஒண்டோல்’ என்னும் முறையில் அடுப்புப் புகையைக் கல் தரையின் கீழே ஓடவிட்டனர். இன்று புகைக்குப் பதில் வெந்நீர் ஓடுகிறது. புதிதாகக் கட்டும் வீடாயின் குழாய்களைக் கான்கிரீட்டில் புதைத்துவிடலாம். ஏற்கெனவே உள்ள நல்ல மரத் தரையைப் பெயர்க்க யாருக்கு மனம் வரும்? ஆகவே நிலவறையில் இறங்கி, தரையைத் தாங்கும் விட்டங்களுக்கு இடையே அண்ணாந்தபடி வேலை செய்கிறார்கள்.

மேலிருந்து அடித்த ஆணிகளின் கூர்முனைகள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் அவற்றை வெட்டிவிட வேண்டும்; இல்லையேல் குழாய் கிழியும். பிறகு குறுக்குப் பிணைப்பூட்டிய பாலிஎத்திலீன் குழாயைப் பொருத்துவர். வட்டமான குழாய் தட்டையான பலகையை ஒரு கோட்டில்தான் தொடும். அதனால் குழாயை அலுமினியத் தகட்டின் பள்ளத்தில் இருத்தி, தகட்டைப் பலகையோடு ஒட்ட அறைகிறார்கள். அலுமினியம் ஓக் மரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். எனவே வெப்பம் பலகை முழுதும் பரவுகிறது. தகட்டுக்குக் கீழே கண்ணாடி இழைப் பஞ்சை அடைப்பர். இதை விட்டுவிட்டால் வெப்பத்தில் பெரும்பங்கு நிலவறைக்குப் போய்விடும்.

நீர் எவ்வளவு சூடாயிருக்க வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். அறை 20° செ. ஆக இருக்கத் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 50 வாட் தர வேண்டும் என்று கொள்வோம். அறையைவிட ஒரு பாகை கூடுதலாகச் சூடான தரை, சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் தரும். ஆகவே தரையின் மேற்பரப்பு 24.5° இருந்தால் போதும். ஆனால் 19 மி.மீ. ஓக் பலகையும், அதனடியில் அதே தடிப்புள்ள ஒட்டுப்பலகையும் வெப்பத்தைத் தடுக்கின்றன. இவற்றின் மொத்த வெப்பத்தடை ஏறத்தாழ 0.27. இதை 50 ஆல் பெருக்கினால் 13.5. எனவே பலகையின் அடிப்பக்கம் 38° இருக்க வேண்டும்; குழாய் நீர் அதைவிடவும் சூடாக இருக்க வேண்டும். மேலே தடித்த கம்பளம் விரித்தால் தடை இன்னும் கூடும்.

இங்குதான் மரத்தின் குணம் குறுக்கிடுகிறது. மழைக்காலத்தில் கதவு சட்டத்தில் இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மரம் ஈரத்தை ஏற்று விரியும், இழந்து சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாட்டில்தான் அதிகம். வளையங்களின் போக்கில் அறுத்த செந்நிற ஓக் பலகை, ஈரம் 1 விழுக்காடு குறையும்போது அகலத்தில் சுமார் 0.37 விழுக்காடு சுருங்கும். 57 மி.மீ. பலகையில் ஈரம் 4 விழுக்காடு குறைந்தால் 0.8 மி.மீ. இடைவெளி விழும், 127 மி.மீ. பலகையில் அது ஏறக்குறைய 1.9 மி.மீ.! குறுகிய பலகைத் தரையே இதற்கு உகந்தது என்பதன் காரணம் இப்போது விளங்கும். வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்த பலகையாயின் சுருக்கம் பாதிக்கும் குறைவு.

ஆகையால் மரத் தரையின் மேற்பரப்பை 27°-க்கு மேல் போகவிடுவதில்லை. நீரைத் திடீரென்று கொதிக்கக் கொதிக்க விடாமல், பல நாட்களில் சிறிது சிறிதாகச் சூடேற்றுவர். அறைக் காற்று மிக வறண்டுபோகாமலும் காக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், குழாய் வாங்குமுன் சன்னல் இடுக்குகளையும் மேற்கூரையையும் கவனிப்பதே நல்லது. வெப்ப இழப்பு சதுர மீட்டருக்கு 30 வாட்டாகக் குறைந்தால் பலகையின் அடிப்பக்கம் எவ்வளவு சூடாயிருக்க வேண்டும்? மேற்கண்ட முறையில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 31° என்று விடை வரும்.