16 வார ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியை மண்ணில் விடாதீர்கள்

தை மாத ஆலோசனை: செஞ்சி வட்டாரத்தில் நாய் வளர்ப்போருக்கு

கார்த்திகையில் பிறந்த குட்டிகள் வீடு மாறும் காலம் இது. மழை நின்றுவிட்டது. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. களத்துக்குக் காவல் வேண்டும் என்று ஒரு குட்டி, பொங்கலுக்கு வந்த பேரன் அழுதான் என்று ஒரு குட்டி, சென்னையிலிருந்து மச்சான் காரில் கொண்டுவந்து இறக்கிய ராட்வீலர் குட்டி ஒன்று. தை தொடங்கிப் பங்குனி வரை செஞ்சியைச் சுற்றிக் குட்டி இல்லாத தெரு இல்லை.

போன வருஷமும் இப்படித்தான் தொடங்கியது. மாசி முடிவதற்குள், வாங்கிய கைகளே அந்தக் குட்டிகளைக் கோணியில் சுற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தன. வந்தவற்றில் பலவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு ஊசி. "ஊசிதான் போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வந்தது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த ஆலோசனை.

நோயின் பெயர் பார்வோ. 1978-இல் உலகம் இதை அடையாளம் கண்டது. ஓரிரு வருஷத்தில் கண்டம் விட்டுக் கண்டம் தாவியது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டது. குடலின் உள்தோலைப் புதுப்பிக்கும் செல்களையும், எலும்பு மஜ்ஜையையும் ஒரே நேரத்தில் தாக்கும் வைரஸ் இது. உள்தோல் உரிந்து ரத்தமாகப் போகும். எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்களோ உற்பத்தியாகும் இடத்திலேயே அழியும். சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்துக் குட்டியில் ஒன்று பிழைப்பதே அரிது. இன்னொரு நாய் வந்து முகர்ந்தால்தான் ஒட்டும் என்பதில்லை. உங்கள் செருப்பில் வரும், வண்டிச் சக்கரத்தில் வரும், குட்டியைத் தடவிய கையில் வரும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஒரு வருஷம்கூடக் கிடக்கும். வெள்ளிக்கிழமைச் சந்தை, நெல் மூட்டை அடுக்கிய விற்பனைக்கூடக் கமிட்டி, பேருந்து நிலையம், கோட்டை அடிவாரம் என்று தெருநாய் படுக்கும் இடமெல்லாம் அது இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊசி ஏன் போதாது? பிறந்த அன்று குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. அது குட்டியைக் காக்கும். ஆனால் அதே சக்தி, நாம் போடும் தடுப்பூசியையும் எதிரி என்று நினைத்து அடித்துவிடும். இது வாரா வாரம் குறைந்துகொண்டே வரும். ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் தீரும், அதே ஈற்றில் பிறந்த இன்னொன்றுக்கு 14 வாரம் ஆகும். எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நடுவில் சில நாட்கள் இருக்கின்றன: தாய் தந்தது நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே ஒரு பாறைப் பிளவு, அதைத் தாண்ட ஒரு பாலம். அந்தப் பாலம் இல்லாத பிளவின் ஓரத்தில்தான் அந்த நாட்களில் உங்கள் குட்டி நிற்கிறது. அதனால்தான் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். முதல் ஊசிக்குப் பலம் சேர்க்க இரண்டாவது என்று நினைக்காதீர்கள். எந்த ஊசி பிடிக்கும் என்று தெரியாததால், கடைசி ஊசி 16 வாரத்துக்குப் பிறகு விழுந்தே ஆக வேண்டும்.

மறுபடி சொல்கிறேன். கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு. 9 வாரத்தில் இரண்டாவது போட்டுவிட்டுத் தடுப்பூசி அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள்தான் போன வருஷம் அழுதவர்களில் பாதிப்பேர்.

கணக்கு இதோ. திருவண்ணாமலை தீபத்தை ஒட்டிப் பிறந்த குட்டி என்றால், முதல் ஊசி பொங்கலை ஒட்டி, 6 வாரத்தில். இரண்டாவது தைக் கடைசியில். மூன்றாவது மாசி 20 வாக்கில். நான்காவது பங்குனிப் பாதியில். ராட்வீலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் வைத்திருப்பவர்கள் 18 முதல் 20 வாரத்துக்குள் இன்னொன்றும் போட்டுவிடுங்கள். பிறகு ஆறு மாதத்தில் அல்லது ஒரு வயதில் ஒன்று. முதல் ஊசி தாமதமாகிவிட்டதா? பரவாயில்லை, இன்றைக்கே தொடங்குங்கள். ஊசிக்கு ஊசி 3, 4 வாரம் இடைவெளி விடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. குடற்புழு மருந்து: இரண்டு வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் வரை, எடை பார்த்துத்தான் அளவு. வெறிநோய் ஊசி: மூன்று மாதத்தில் ஒன்று, ஒரு வருஷம் கழித்து ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில். தாய் நாய்க்கும் ஊசி, புழு மருந்து. உண்ணியைக் கையால் நசுக்காதீர்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி ஊசி மருந்தைக் குட்டிக்கு ஏற்றாதீர்கள். அளவு தவறினால் வலிப்பு வரும், கண் தெரியாமல் போகும். காய்ச்சலோ கழிச்சலோ உள்ள குட்டிக்குத் தடுப்பூசி அன்றைக்கு வேண்டாம்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். திண்டிவனத்தில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, பைக்கில் வெயிலில் கொண்டுவந்து, "டாக்டர் இதைப் போட்டு விடுங்க" என்று நீட்டுகிறார்கள். அது மருந்தாக இருக்காது. ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் வாருங்கள், அல்லது போடும் இடத்திலேயே வாங்குங்கள். சின்னப் புட்டியின் அடியில் பொடிக்கட்டி ஒன்று, கரைக்கும் தண்ணீர் ஒன்று, இரண்டையும் உங்கள் கண் முன்னால் கலந்து உடனே போட வேண்டும். புட்டியில் உள்ள லேபிளைப் பிரித்து அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். தேதி இல்லாத அட்டையை நான் அட்டையாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி, மண்ணில் விடாதீர்கள் என்பதைப் பற்றி. 16 வார ஊசி விழுந்து இரண்டு வாரம் ஆகும்வரை தெரு வேண்டாம், களம் வேண்டாம், மல்லாட்டைக் கொல்லைக்குக் கூடவே ஓடிவருவது வேண்டாம். மயானக்கொள்ளைக்கு மேல்மலையனூர் போகும் வேனில் குட்டியையும் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். "வீட்டுக்குள்ளேயே அடைத்தால் பயந்தாங்கொள்ளியாக வளருமே" என்பார்கள். நியாயமான கவலைதான். கையில் தூக்கிக்கொண்டு போய் மாட்டையும் டிராக்டரையும் சனங்களையும் காட்டுங்கள். கீழே மட்டும் இறக்காதீர்கள். சந்தைக்குப் போய் வந்த செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குட்டியைத் தொடுங்கள்.

அடையாளம். முதல் நாள் குட்டி சோர்ந்து படுக்கும், தின்னாது. அடுத்து வாந்தி, முதலில் தின்றது, பிறகு வெள்ளை நுரை, பிறகு மஞ்சள். பல குட்டிகளுக்கு வாந்திதான் முதலில் வரும், கழிச்சல் பிறகுதான். கழிச்சல் தண்ணீராகத் தொடங்கி ரத்தமாக மாறும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ரத்தம் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, ஊசி முடியாத குட்டி இரண்டு முறை வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்தால் அன்றைக்கே புறப்பட வேண்டும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். பிசுபிசுப்பாக, வெளுத்து, நிறம் திரும்பத் தாமதமானால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. கழுத்துத் தோலை இழுத்து விட்டால் கூடாரம் போல நிற்கும். காதும் பாதமும் சில்லிட்டுப் போனால் மணிக்கணக்குதான் மிச்சம்.

இனத்துக்கு இனம் நோயின் போக்கு வேறுபடும், கவனியுங்கள். ராட்வீலரும் டாபர்மேனும் பார்வோவுக்கு மற்ற இனங்களைவிட எளிதில் விழும், விழுந்தால் வேகமாக விழும். காலையில் விளையாடிய ராட்வீலர் குட்டி மறுநாள் இரவு எழுந்திருக்காமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்த இனமானாலும், எட்டு வாரத்துக்குள் தொற்றினால் வைரஸ் இதயத் தசையையும் பிடிக்கலாம். கழிச்சலே இல்லாமல், பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி அப்படியே சரியும். லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே பேச்சு: அது தட்டை நக்கி முடிக்காத நாள்தான் முதல் அறிகுறி, வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றின் உடம்பே ஒல்லி, நல்ல நாளிலும் விலா தெரியும். அதனால் உடல் வற்றுவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். விலாவைப் பார்க்காதீர்கள், ஈறைப் பாருங்கள். பொமரேனியன் போன்ற சின்னக் குட்டிகள் ஒருவேளை தின்னாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுங்கும். குளுக்கோஸையோ தேனையோ ஈறில் தடவிக்கொண்டே கிளம்புங்கள்.

"நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது, மண்ணைத் தின்று வளர்ந்தது." இந்தப் பேச்சை இந்த வருஷமாவது விடுங்கள். ஊர் நாய் ஈன்ற ஆறு குட்டியில் ஒன்று தெருவில் திரிவதைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறோம். மற்ற ஐந்து எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. ஏரிக்கரைப் புதரில் அவை கிடந்ததை நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செய்யக்கூடாதவை. மனிதருக்குக் கொடுக்கும் கழிச்சல் மாத்திரை வேண்டாம். குடலை நிறுத்தினால் விஷம் உள்ளேயே தங்கும். பாராசிட்டமாலும் வலி மாத்திரையும் வேண்டவே வேண்டாம். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து தண்ணீரோ கஷாயமோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தயிர்சாதம் வைத்து, வேப்பிலை அரைத்துக் கொடுத்து, யாரோ சொன்ன மருந்துக்கடைத் தூளைக் கலக்கி மூன்று நாள் போக்கிவிட்டு நான்காம் நாள் வருகிறீர்கள். வந்து, "எப்படியாவது காப்பாத்துங்க டாக்டர்" என்கிறீர்கள். அந்த மூன்று நாளை நான் எந்தப் புட்டியிலிருந்து எடுத்துத் தருவது? பார்வோவைக் கொல்லும் மாத்திரை எங்கள் மருந்தகத்தில் இல்லை. நரம்பில் தண்ணீர் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, அடுத்த தொற்று வராமல் ஆன்டிபயாடிக் போட்டு, குட்டியின் உடம்பே எதிர்த்து எழும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. முதல் நாளே வந்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை வேப்பேரியில் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

குட்டி இறந்த வீடு. உடலை ஓடையிலோ சங்கராபரணி ஆற்று மணலிலோ எறியாதீர்கள், ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். பினாயில் பார்வோவைக் கொல்லும் என்று நம்பாதீர்கள், டெட்டாலும் அப்படியே. பிளீச்சிங் பவுடர்தான் வழி. மலத்தை வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகு, 10 லிட்டர் தண்ணீரில் 60 கிராம் புதிய பவுடரைக் கரைத்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். அதோடு ஆசிட்டையோ பினாயிலையோ கலக்காதீர்கள், மூச்சை அடைக்கும். சிமென்ட் தரை இப்படிச் சுத்தமாகும். மண் வாசல் ஆகாது. அதனால் அந்த வீட்டுக்கு ஒரு வருஷம் புதுக்குட்டி வேண்டாம். பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அடுத்த வாரமே ஒன்றைக் கொண்டுவந்து அதே சாக்கில் படுக்கவைத்தவர்கள் போன வருஷம் இருந்தார்கள். அதுவும் போயிற்று. வேண்டும் என்றால் ஊசி முழுவதும் முடிந்த வளர்ந்த நாயை எடுங்கள்.

வெறிநோய் பற்றி ஒன்று மட்டும், ஏனென்றால் இது மனித உயிர். குட்டிதானே, பால்பல்தானே என்று கடியையும் கீறலையும் விட்டுவிடுகிறீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பாதீர்கள். நோய் தெரிய ஆரம்பித்துவிட்டால் அதற்கு வைத்தியமே இல்லை.

நோயுள்ள குட்டியைக் கொண்டுவருபவர்களுக்கு: மருந்தகத் திண்ணையில் இறக்காதீர்கள். அங்கே முதல் ஊசிக்கு வந்த ஆறு வாரக் குட்டிகள் மடியில் உட்கார்ந்திருக்கும். குட்டியைப் பழைய துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து வண்டியிலேயே விட்டு, ஒருவர் மட்டும் உள்ளே வந்து "வாந்தி, கழிச்சல், வயசு இவ்வளவு, ஊசி இத்தனை" என்று சொல்லுங்கள். நான் வெளியே வந்து பார்க்கிறேன். அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள்.