எதிர்க்கடைச் சரக்கை ஆராயும் முறை

கூட்டுறவுச் சங்கங்களின் மகாசபைகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "சரக்கு தேங்கிக் கிடப்பது ஏன்?" என்பதே அது. அதற்கு அளிக்கப்படும் விடையும் பெரும்பாலும் ஒன்றேதான்: "போட்டி மிகுந்துவிட்டது." விசைத்தறிச் சேலை வந்தது, பிளாஸ்டிக் பாய் வந்தது, ஆகவே நமது சரக்கு போகவில்லை என்று கூறிக் கூட்டத்தை முடித்துவிடுவர். இவ்விடை பொய்யன்று; ஆயினும் இதனால் பயனில்லை. நோயின் பெயரைச் சொல்வது வைத்தியம் ஆகாது. போட்டியாளர் எப்பொருளை, யாருக்கு, எவ்வழியில் விற்கிறார், வாங்குவோர் எதை நாடி அவரிடம் செல்கின்றனர் என்பவற்றை நிதானமாக ஆராய்ந்தாலன்றி நமது தொழிலைத் திருத்தும் வழி புலப்படாது. அவ்வாராய்ச்சியைச் செய்யும் முறையை, தாமிரபரணிக் கரையில் நாம் யாவரும் அறிந்த பத்தமடைப் பாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

திருவள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். எடுத்த காரியத்தின் கடுமை, நமது பலம், எதிரியின் பலம், துணை நிற்போரின் பலம் ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அவர் கருத்து. எதிரியின் பலத்தை மட்டும் நோக்குவோர் மலைத்து நிற்பர். தம் பலத்தை மட்டும் பேசுவோர் ஏமாறுவர். வியாபாரத்திற்கும் இது பொருந்தும்.

வெண்ணெய் கற்பித்த பாடம்

எதிரியிடம் கற்றுக்கொண்டு முன்னேறிய கூட்டுறவு ஸ்தாபனத்திற்குச் சிறந்த சான்று குஜராத்தில் உண்டு. 1946இல் ஆனந்த் என்னும் ஊரில் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் தோன்றியது. 'அமுல்' என்று இன்று நாடறிந்த பெயர் அச்சங்கத்தினுடையதே. அக்காலத்தில் பம்பாய் வெண்ணெய்ச் சந்தையில் 'பால்சன்' என்னும் தனியார் கம்பெனி ஓங்கி நின்றது. சங்கம் புதுப் பாலேட்டிலிருந்து தூய வெண்ணெய் எடுத்து அனுப்பியது. ஆயினும் மக்கள் அதை விரும்பவில்லை. ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. பால்சன் வெண்ணெய் புளித்த பாலேட்டிலிருந்து எடுக்கப்பட்டு உப்பும் சேர்க்கப்பட்டது. அந்த மணத்திற்கும் சுவைக்கும் பம்பாய் மக்களின் நாக்கு பழகிப்போயிருந்தது. சங்கத்தின் தூய வெண்ணெய் அவர்களுக்குச் சப்பென்று தோன்றியது. உடனே சங்கத்தார் தம் வெண்ணெயிலும் உப்பும் மணமும் சேர்த்தனர்; விற்பனையும் ஏறிற்று.

இங்குக் கவனிக்கற்பாலது ஒன்று. "எங்கள் சரக்கே உயர்ந்தது, வாங்காதவர் அறியாதவர்" என்று அச்சங்கத்தார் கூறிக்கொண்டிருக்கவில்லை. வாங்குவோர் எதிரியிடம் எதைத் தேடிப் போகிறார் என்று கேட்டனர், அதைக் கண்டுபிடித்தனர், தம்மால் கொடுக்கக்கூடியதாயிருந்தமையால் கொடுத்தனர்.

கப்பல் கற்பித்த பாடம்

எதிரி செய்வதையெல்லாம் நாமும் செய்ய வேண்டுமா எனில், அன்று. அதற்குச் சான்று நமது தூத்துக்குடித் துறைமுகத்திலேயே உண்டு. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். அதுவரை அத்தடத்தைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. வெள்ளைக் கம்பெனியோ பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் சென்று, கையில் ஒரு குடையும் கொடுத்தனுப்ப முன்வந்தது. 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனியும் கலைக்கப்பட்டது. அரசாங்கத்தின் அடக்குமுறை இதற்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் வியாபார முறையில் ஓர் உண்மை இதில் உண்டு. எதிரி கேட்கும் விலை அவனுக்கு ஆகும் அடக்கவிலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆழ்ந்த பணப்பை உள்ளவன் நஷ்டத்தை நெடுநாள் தாங்குவான். அங்கத்தினர்களின் பங்குத் தொகையால் நடக்கும் ஸ்தாபனத்தால் அது இயலாது.

ஆகவே பாடம் இரண்டு. எதிரியின் வாடிக்கைக்காரர் விரும்புவதை ஆராய்ந்து, இயன்றதை ஏற்றுக்கொள்க. எதிரியின் விலையை மட்டும் பார்த்து அதன் பின்னே ஓடற்க.

பாயைப் பாயோடு ஒப்பிடுதல்

இனி நமது பாய்க்கு வருவோம். பத்தமடையில் நெய்யப்படும் பாய்க்குப் பாவு பருத்தி நூல், ஊடை கோரை. பச்சைக் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழையாகப் பிரித்த பின்னரே தரையிலிட்ட தறியில் நெய்கின்றனர். நயமான பட்டுப்பாய் ஒன்றை முடிக்கப் பல நாள் செல்லும். மணமக்களின் பெயரையும் மண நாளையும் நெய்து தரும் கல்யாணப் பாயும் இவ்வூரின் சிறப்பு. 2013இல் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது.

இதற்குப் போட்டி ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டும் வெவ்வேறு குணமுடையவை என்பதை முதலில் உணர வேண்டும்.

முதலாவது, பிளாஸ்டிக் பாய். அதன் பலம் யாது? தண்ணீர் விட்டுக் கழுவலாம், நனைந்தாலும் பூஞ்சை பிடிக்காது, மடித்து எடுத்துச் செல்லலாம், நிறங்கள் பல, விலை குறைவு, தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதன் குறை யாது? கோடையில் படுத்தால் உடம்பு வியர்க்கும். வெயிலில் நாட்பட்டால் இற்றுப் பொடியும். தூக்கி எறிந்தபின் மண்ணில் மக்காது. மங்கல காரியத்திற்குச் சீராக அதை வைத்துக் கொடுக்கப் பலரும் விரும்புவதில்லை.

இரண்டாவது, விசைத்தறிக் கோரைப் பாய். கரூர், முசிறி முதலிய காவிரிக் கரைப் பகுதிகளில் இது பெருமளவில் உற்பத்தியாகிறது. இதுவும் கோரையே, இதிலும் உடம்புக்குக் குளிர்ச்சி உண்டு, விலையும் மிதமானது. பிளாஸ்டிக்கின் குறைகள் இதற்கு இல்லை. நமக்கு நெருங்கிய போட்டி உண்மையில் இதுவே. ஆயினும் இதன் இழை பருமனானது. பட்டுப்பாயின் மென்மையும் மடிப்பும் இதற்கு வாரா. ஒருவருக்கென்று ஒரு பாயில் பெயர் நெய்து தருவதும் பேரளவில் ஓடும் தறிக்குக் கட்டுபடியாகாது. பிற ஊர்ப் பாய்கள் பத்தமடைப் பெயரைச் சூடிக் கடையில் நிற்பதும் உண்டு. பெயரை இரவல் வாங்குகிறவர் அப்பெயருக்கு மதிப்பு உண்டு என்பதற்குத் தாமே சாட்சி சொல்லுகிறார் என்பதை மறத்தலாகாது.

இவ்வொப்பீட்டால் பெறப்படுவது என்ன? அன்றாடம் விரித்துச் சுருட்டும் மலிவுப் பாய்க்கு வருகிற வாடிக்கைக்காரரை நயப்பாயைக் கொண்டு மீட்பது அரிது. திருமணச் சீர், வெளியூர் அன்பளிப்பு, குழந்தைப் படுக்கை, வீட்டு அலங்காரம் ஆகிய இடங்களில் எதிரியால் நம்மை நெருங்க முடியாது. நமது உழைப்பு செல்ல வேண்டிய இடம் அதுவே. அதே சமயம் பிளாஸ்டிக் பாயிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. எளிதில் எடுத்துச் செல்லும்படியான கட்டு, சிறிய அளவுகள், நிலைத்த சாயம், பாயைப் பூஞ்சையின்றிக் காக்கும் முறையை அச்சிட்ட சிறு சீட்டு ஆகியவற்றை நாமும் தரலாம். இவற்றால் பாயின் குணம் கெடாது. வாங்குவோரின் தயக்கம் நீங்கும்.

விலையைக் குறைத்தால் வருவது

"விலையைச் சற்றே குறைத்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்திற்காக மட்டும் கொள்ளப்பட்டவை. ஒரு பாயின் விலை 1,400 ரூபாய். கோரை, நூல், சாயம் ஆகிய செலவு 600 ரூபாய். நெய்ய நான்கு நாள் ஆகிறது எனக் கொள்வோம். எஞ்சும் 800 ரூபாய் நாலு நாள் கூலி. அதாவது நாளொன்றுக்கு 200 ரூபாய். இப்போது விலையை 200 ரூபாய் குறைப்போம். வாங்குபவருக்குக் குறைந்தது ஏழில் ஒரு பங்கு. கோரைக்காரரும் நூல்காரரும் தம் விலையைக் குறைக்கவில்லை. ஆகவே கூலி 600 ரூபாய் ஆகிறது. நாளொன்றுக்கு 150 ரூபாய். நெசவாளிக்குக் குறைந்தது நாலில் ஒரு பங்கு.

இயந்திரம் வைத்திருப்பவர் விலையைக் குறைத்தால் இருமடங்கு உற்பத்தி செய்து ஈடுகட்டுவார். கைத்தொழிலாளிக்கு நாளும் கையும் கூடா. தறியை விட்டு இளைஞர்கள் வேறு வேலை தேடிச் செல்வதற்கு இக்கணக்கே காரணம். விலைக்குறைப்புத் தீர்மானத்திற்குக் கை தூக்குமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் இக்கணக்கைத் தம் சொந்த எண்களை இட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி செய்யும் வகை

இவ்வாராய்ச்சிக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பருவகாலப் பொறுமையும் போதும்.

1. இரண்டு அல்லது மூன்று போட்டிச் சரக்குகளைத் தேர்ந்தெடுக்க. எல்லாவற்றையும் ஒருங்கே ஆராயப் புகுந்தால் எதுவும் தெளிவாகாது.

2. அச்சரக்கில் ஒவ்வொன்றை விலைக்கு வாங்கிச் சங்கத்தில் வைக்க. ஓரத்தைப் பிரித்துப் பார்க்க, நனைத்து உலர்த்துக, எடையிடுக, ஒரு குடும்பத்தில் மூன்று மாதம் புழங்கவிட்டு, நமது பாயோடு ஒப்பிட்டுக் குறிக்க.

3. விற்குமிடத்திற்குச் செல்க. கடையில் எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள், கடைக்காரருக்கு எவ்வளவு கழிவு, கடன் எத்தனை நாள், கைப்பேசி வழியாக விற்றால் படமும் விளக்கமும் எவ்வாறு உள்ளன என்பவற்றை எழுதுக. நல்ல சரக்கு தோற்பது தறியில் அன்று, பல வேளை கடைப் பலகையில்தான்.

4. வாங்காமற் சென்றவரைக் கேட்க. வாங்கினவர் புகழ்ந்து பேசுவார். வாங்காதவரே உண்மைக் காரணத்தைக் கூறுவார். விலையா, அளவா, நிறமா, கிடைக்காமையா என்று தனித்தனியே எண்ணிக்கை வைக்க.

5. நோட்டின் ஒரு பக்கத்தை நான்காகப் பகுத்து, 'அவருக்கு எளிது, நமக்கும் எளிது', 'அவருக்கு எளிது, நமக்கு அரிது', 'நமக்கு எளிது, அவருக்கு அரிது', 'இருவருக்கும் அரிது' என்று தலைப்பிட்டு நிரப்புக. மூன்றாவது பகுதியில் எழுதப்படுவதே நமது முதல்.

6. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்க. புது நிறம், புது அளவு, புதுக் கட்டு மூன்றையும் ஒருங்கே புகுத்தினால் விற்பனை ஏறியதற்கோ இறங்கியதற்கோ காரணம் எதுவெனத் தெரியாது. ஒரு பருவத்தின் விற்பனையை முந்திய ஆண்டின் அதே பருவத்தோடு ஒப்பிடுக; தை முகூர்த்த விற்பனையை ஆடி மாத விற்பனையோடு ஒப்பிடுவது கணக்காகாது.

கோரை பயிரிடுவோர்க்கு

நெசவாளர்க்குச் சொன்னது பயிரிடுவோர்க்கும் ஒக்கும். காவிரிக் கரையில் கோரை தனிப்பயிராகவே வயலில் சாகுபடி செய்யப்படுகிறது. அக்கோரையின் நீளம், பருமன், நிறம், கட்டின் எடை, தரம் பிரிக்கும் முறை ஆகியவற்றை நம் பகுதிக் கோரையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நயப்பாய்க்கு ஏற்ற நீண்ட, ஒரே பருமனுள்ள கோரையைத் தனியே பிரித்துக் கட்டித் தருபவருக்கு, கலந்து கட்டுபவரைவிடக் கூடுதல் விலை கேட்க நியாயம் உண்டு. நெசவாளிக்கும் கழிவு குறையும். பயிரிடுவோரும் நெசவாளரும் ஒரே சங்கக் கூட்டத்தில் அமர்ந்து நோட்டுகளை மாற்றிப் படிப்பது இருவர்க்கும் லாபம்.

துணையின் பலம்

நான்காவது பலத்தையும் கூறி முடிப்போம். தனி நெசவாளி ஒருவர் எதிர்க்கடையை ஆராய்ந்தாலும் தனியே மாற்றம் செய்ய முதலில்லை; அதற்காகவே சங்கம். 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் சங்கமாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், 1973இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில் கழகத்தின் பூம்புகார் நிலையங்கள் ஆகியவை கைத்தொழில் சரக்குக்கென்றே அமைந்த விற்பனை வாயில்கள். கைத்தறித் துணிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரை உண்டு. பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அதை உபயோகிக்கும் உரிமைக்கு ஒவ்வோர் உற்பத்தியாளரும் சென்னையிலுள்ள பதிவகத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். இரவல் பெயரில் விற்பவரைத் தடுக்கச் சட்டம் இருந்தும், பதிவு செய்யாதார்க்கு அது பெட்டியில் பூட்டிய ஆயுதமே.

எதிர்க்கடைக்காரர் நமக்குப் பகைவர் அல்லர். சம்பளம் வாங்காத ஆசிரியர். மக்கள் விரும்புவது எது என்பதைத் தம் முதலைப் போட்டுச் சோதித்து நமக்குக் காட்டுகிறார். அவரிடம் கற்கக் கூடியதைக் கற்றுக்கொண்டு, அவரால் தர முடியாததைத் தருவோமாயின் நமது தறி ஓயாது. வருகிற மகாசபையில் "போட்டி மிகுந்துவிட்டது" என்ற விடை வரும்போது, "அதைப் பற்றிய நோட்டு எங்கே?" என்று அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து கேட்பாராக.