மரையின் ஆட்டமும் அளவின் பிழையும்

சி.என்.சி. எனப்படும் கணினி எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரம் என்றவுடன் கோயம்புத்தூர், ஓசூர் ஆலைகளே நம் நினைவுக்கு வரும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவிலிருந்து எண்களைப் படித்துத் தானே உலோகம் செதுக்கும் மில்லிங் இயந்திரம் செய்து காட்டப்பட்டது. அன்று ஓர் அறையையே நிரப்பிய அந்த ஏற்பாடு, இன்று சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும் அளவுக்குச் சுருங்கியுள்ளது. அத்தகைய சிறு இயந்திரம் ஒன்றைக் காரைக்காலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வைத்து, அதனை அளவுக்குக் கொண்டுவர நான் பட்ட பாட்டையும் அதில் கற்ற இயற்பியலையும் இங்கே எழுதுகிறேன். வகுப்பில் படித்த ‘பிழை’ என்னும் பாடம் எனக்கு விளங்கியது தேர்வுக்குப் பின்னர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரத்தின் பெயர் ‘3018’. மேசையின் அளவு 300 மி.மீ.க்கு 180 மி.மீ. என்பதால் அப்பெயர். பொறியியல் முடித்த அண்ணன் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். என் தந்தையார் தையல் தொழில் செய்பவர். அவருடைய தையல் இயந்திரத்தில் பொருத்திய மோட்டாரை இடம் மாற்றியபோது பெல்ட் நீளமாகிவிட்டது. தொய்வை எடுக்க நடுவே ஓர் உருளை வேண்டியிருந்தது. 10 மி.மீ. ஹைலம் பலகையில் ஒரு துளையிட்டு, அதில் ‘608’ என்னும் சிறு பேரிங்கை அமர்த்தினால் வேலை முடிந்தது என்று எண்ணினேன். அந்தப் பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ. கணினியில் 22 மி.மீ. வட்டம் வரைந்து இயக்கினேன். வட்டம் கண்ணுக்கு அழகாகவே வந்தது. பேரிங் மட்டும் உள்ளே செல்லவில்லை. உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். இப்போது தளர்வாகிச் சாய்ந்து நின்றது. பெல்ட் நிமிடத்திற்கு ஒருமுறை கழன்றது. தீபாவளிக்கு முன்னைய வாரம் அது. தந்தையார் ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் மிதிக்கத் தொடங்கினார்.

இயந்திரம் நகரும் விதத்தை முதலில் பார்ப்போம். ஒவ்வோர் அச்சிலும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் உண்டு. அது ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். அதாவது படிக்கு 1.8 பாகை. அதை இயக்கும் மின்சுற்று ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு 3200 நுண்படிகள். மோட்டாருடன் இணைந்த திருகுதண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் அதன்மேல் ஏறிய மரை 4 மி.மீ. நகரும். 3200ஐ 4ஆல் வகுக்க, மி.மீ. ஒன்றுக்கு 800 நுண்படிகள். ‘ஜி.ஆர்.பி.எல்.’ என்னும் கட்டுப்பாட்டு நிரலில் இந்த 800 என்ற எண்ணை ‘$100’ என்னும் இடத்தில் எக்ஸ் அச்சுக்கும், ‘$101’, ‘$102’ ஆகியவற்றில் மற்ற இரண்டு அச்சுகளுக்கும் எழுத வேண்டும்.

800ஆல் வகுத்தால் ஒரு நுண்படிக்கு 0.00125 மி.மீ. வருகிறது. இதைக் கணக்கிட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு மி.மீ. துல்லியமுள்ள இயந்திரம் நம் வீட்டில் இருக்கிறதே என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். ஆனால் அது மீச்சிற்றளவு, துல்லியம் அன்று. கடிகாரத்தில் நொடிமுள் இருப்பதனாலேயே அது சரியான நேரம் காட்டுகிறது என்று ஆகிவிடாது அல்லவா?

அடுத்து நான் செய்ததுதான் பெரும் பிழை. 50 மி.மீ. நகரச் சொல்லி அளந்தேன்; 49.85 வந்தது. 0.15 குறைகிறது, எனவே 800ஐ 50ஆல் பெருக்கி 49.85ஆல் வகுத்து 802.4 என்று ‘$100’இல் எழுதிவிட்டேன். மறுபடி அளந்தால் 50 மிகச் சரியாக வந்தது. மகிழ்ச்சியோடு புதிய பலகையை வெட்டினேன். பேரிங் துளையின் எக்ஸ் விட்டம் இன்னும் 21.92தான். பலகையைத் தையல் இயந்திரத்தோடு பிணைக்கும் திருகுகளின் துளைகளோ 80 மி.மீ. இடைவெளியில் அமையாமல் 80.24இல் அமைந்து, முன்பு பொருந்தியவையும் பொருந்தாமற் போயின. ஒன்று சிறுத்தும் மற்றொன்று பெருத்தும் இருப்பது எங்ஙனம்?

விடை நம் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. நகரும் நுண்ணோக்கியைக் கையாளும்போது திருகை ஒரே திசையில் மட்டும் திருப்பச் சொல்வார்கள். திருகுக்கும் மரைக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டு. திசையை மாற்றினால் அந்த இடைவெளி தீரும்வரை திருகு சுற்றும், நுண்ணோக்கி நகராது. இதையே பின்னிடைவுப் பிழை என்று பதிவேட்டில் எழுதுகிறோம். லேத் பட்டறைகளில் ‘மரையில் ஆட்டம்’ என்பார்கள். அச்சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த ஆட்டம் தூரத்தைப் பொறுத்ததன்று. 10 மி.மீ. நகர்ந்தாலும் 100 மி.மீ. நகர்ந்தாலும், திசை மாறிய ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தொலையும். படிகளின் எண்ணில் பிழை இருந்தாலோ அது தூரத்தோடு சேர்ந்து வளரும். ஒரே ஓர் அளவீட்டைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. நான் செய்தது, தொலைந்த 0.15ஐ 50 மி.மீ. முழுவதிலும் பரப்பித் தூவியதுதான். எனவே 50இல் மட்டும் சரியாகி, மற்ற எல்லாத் தூரங்களிலும் தவறாகிவிட்டது.

‘$100’இல் மீண்டும் 800ஐ எழுதிவிட்டு, அக்ரிலிக் பலகையில் 10, 25, 50, 100 மி.மீ. நீளமுள்ள பள்ளங்களை வெட்டினேன். ஒவ்வொரு முறையும் கட்டரை இடப்புறமாகக் கொண்டுவந்து நிறுத்தி, பிறகு வலப்புறமாக வெட்டச் செய்தேன். அப்போதுதான் ஆட்டம் அளவில் சேரும். பள்ளத்தின் நீளத்திலிருந்து அதன் அகலத்தைக் கழித்து, ஐந்து முறை அளந்து சராசரி எடுத்ததில் கிடைத்தவை 9.85, 24.85, 49.85, 99.86. வரைபடத் தாளில் குறித்தால் நேர்க்கோடு. சாய்வு கிட்டத்தட்ட 1, வெட்டுத்துண்டு 0.15. ஆக, 800 என்னும் எண்ணில் குற்றமில்லை. குற்றம் முழுவதும் இரும்பிலும் பித்தளையிலும் இருந்தது.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. 1954 வரை இவ்வூரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டிலேதான் மீட்டர் பிறந்தது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று முடிவு செய்து, டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை அளக்க 1792இல் டெலாம்பர், மெஷேன் என்னும் இரு வானியலாளரை அனுப்பினர். பார்சலோனாவில் அருகருகே உள்ள இரண்டு இடங்களிலிருந்து மெஷேன் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. தன் கவனக்குறைவே காரணம் என்று கருதி, 1804இல் இறக்கும்வரை அதை அவர் வெளியே சொல்லவில்லை, மனம் புழுங்கினார். இத்தனைக்கும், 1799இல் முடிவான மீட்டர், முதலில் எண்ணிய அளவைவிட ஏறக்குறைய 0.2 மி.மீ. குறைந்து போனதற்குப் பூமியின் வடிவம் பற்றிய கணிப்பே பெருங்காரணம். பிழையின் மூலம் எதுவென்று பிரித்தறியாதவரை மனிதன் தன்னையோ கருவியையோ நொந்துகொண்டே இருப்பான் போலும்.

மீண்டும் இயந்திரத்திற்கு வருவோம். ஆட்டத்தை நேரடியாக அளக்க, நூறில் ஒரு பங்கு மி.மீ. காட்டும் டயல் கேஜ் ஒன்றை இரவல் பெற்றேன். அதன் தாங்கி காந்தத்தால் ஒட்டிக்கொள்வது. என் இயந்திரத்தின் சட்டமோ அலுமினியம். இதை எண்ணிப் பார்க்காமல் அரைநாள் வீணானது. பிறகு ஓர் இரும்புத் தகட்டைச் சட்டத்தில் திருகால் பிணைத்து, அதன்மேல் காந்தத்தை வைத்தேன். ஒரு திசையில் 1 மி.மீ. நகர்த்தி ஆட்டத்தைத் தீர்த்துவிட்டு முள்ளைச் சுழியில் நிறுத்தி, எதிர்த்திசையில் 0.01 ஆக நகர்த்தச் சொன்னால், எத்தனை கட்டளைக்குப் பிறகு முள் அசைகிறதோ அதுவே ஆட்டம். எக்ஸ் அச்சில் 15 கட்டளைகள். ஒய் அச்சில் 9.

டயல் கேஜின் நுனியைத் திருகுதண்டின் முனையிலேயே வைத்துப் பார்த்தபோது புதிதாக ஒன்று தெரிந்தது. திசை மாறும்போது தண்டே 0.06 மி.மீ. முன்னும் பின்னும் நகர்ந்தது. மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் வளையும் தன்மையுள்ள இணைப்பான், வில்லைப் போல் நீண்டு சுருங்கியதே காரணம். மரையை மட்டும் மாற்றியிருந்தால் இந்த 0.06 அப்படியே இருந்திருக்கும். எனவே தண்டின் முனையில் அச்சுவாக்கு அழுத்தத்தைத் தாங்கும் சிறு பேரிங் ஒன்றைச் சேர்த்தேன். மரைக்குப் பதிலாக, நடுவே சுருள்வில் வைத்த இரட்டை மரையைப் பொருத்தினேன். ஒன்று திருகின் இடப்பக்கத்தையும் மற்றொன்று வலப்பக்கத்தையும் எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும். எக்ஸ் அச்சின் ஆட்டம் 0.03க்கும், ஒய் அச்சுடையது 0.02க்கும் இறங்கின. ஆட்டத்தை நிரலில் ஈடுசெய்யும் வழி உள்ள கட்டுப்பாட்டு முறைகளும் உண்டு, ஜி.ஆர்.பி.எல்.இல் அது இல்லை. இருந்தாலும் நான் இரும்பைத்தான் திருத்துவேன். எண்ணால் ஈடுசெய்தாலும் தளர்வு தளர்வாகவே இருக்கும். கட்டர் இழுத்தால் மேசை ஆடும்.

செங்கோணத்தைச் சோதிக்கக் கொத்தனார் வழியே போதுமானது. அடித்தளம் போடும்போது மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடித்து மூலை பார்ப்பார்கள். நான் 90, 120 மி.மீ. தூரங்களில் 3 மி.மீ. துளைகளிட்டேன், எல்லாத் துளைக்கும் ஒரே திசையிலிருந்து வரச் செய்தேன். எதிர் மூலைகளின் தூரம் 150 இருக்க வேண்டும், 150.4 இருந்தது. கணக்கிட்டால் மூன்றில் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவான சாய்வு, 100 மி.மீ.க்கு அரை மி.மீ.க்கும் மேல் விலகல். சட்டத்தின் திருகுகளைத் தளர்த்தி, மூலை மட்டம் வைத்து, எதிரெதிராக முடுக்கியதில் 150.02 ஆயிற்று. கட்டர் சுழலும் அச்சு மேசைக்குச் செங்குத்தா என்பதை, டயல் கேஜை அந்த அச்சிலேயே கட்டிக் கையால் சுழற்றிப் பார்த்துக் கொள்ளலாம். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் அண்டை கொடுக்கப் போதும்.

இத்தனையும் அளந்த காலிப்பரை எப்படி நம்புவது? இக்கேள்வியை என் நண்பன் கேட்டபோது சற்றுத் திகைத்தேன். நம் நாட்டின் அளவுத் தரங்கள் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன. அங்கே செல்ல நமக்கு இயலாது. ஆனால் விடை மேசைமேலேயே உருண்டுகொண்டிருந்தது. சில பத்து ரூபாய் விலையுள்ள அந்தப் பேரிங்கின் வெளிவளையம், 22 மி.மீ.க்கு நூறில் ஒரு பங்கு கூடப் பிசகாமல் கடையப்படுவது. அதை அளந்தால் காலிப்பர் 22.00 காட்டியது. ஏழை மாணவனுக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்திற்கு நறுக்கி, மடித்து மடித்து அளவெடுப்பார்கள். சிலைக்குள் விகிதம் சரியாக இருந்தால் அங்கே போதும். பேரிங்கோ எங்கோ ஓர் ஊரில் செய்யப்பட்டு வருவது. என் வீட்டு ஓலையை அது அறியாது.

வெப்பத்தைப் பற்றியும் கவலைப்பட்டேன். நீள அளவுகளுக்கு உலகெங்கும் வைத்துள்ள வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் மே மாதத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் 100 மி.மீ. அலுமினியமும் எஃகுக் காலிப்பரும் சேர்ந்தே விரிவதால், 15 பாகை ஏறினாலும் வேறுபாடு 0.02 மி.மீ.க்குள் அடங்கும். உண்மையான பகை வடகிழக்குப் பருவமழையும் கடற்காற்றும்தான். மழையில் எம்.டி.எஃப். அடிப்பலகை ஈரம் உறிஞ்சி நடுவே உப்பியது. அதை மீண்டும் சீவ வேண்டியதாயிற்று. திருகுதண்டில் உப்புக்காற்றால் துரு படிகிறது. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுகிறேன். ஹைலம் வெட்டும்போது எழும் தூளைச் சுவாசிக்கக் கூடாது; முகக்கவசமும் உறிஞ்சு குழாயும் கட்டாயம்.

கடைசியாக ஒரு நுணுக்கம். 3 மி.மீ. கட்டர் என் இயந்திரத்தில் 3.06 மி.மீ. பள்ளம் வெட்டுகிறது, காலெட்டில் சிறு கோணல். திருகு அளவியின் சுழிப்பிழை போல் இதையும் அளந்து நிரலில் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டுப் புதிய பலகையை வெட்டினேன். துளை எக்ஸ் திசையில் 21.97, ஒய் திசையில் 21.98. வைஸில் வைத்து மெல்ல அழுத்தப் பேரிங் நேராக அமர்ந்தது. தீபாவளி போய்ப் பொங்கல் துணிகள் வந்து குவிந்திருந்த நேரம். தந்தையார் பெல்ட்டை மாட்டி ஒரு சட்டையின் பக்கத் தையலை ஓட்டி முடித்து, “சத்தம் குறைஞ்சிருக்கே” என்று மட்டும் சொன்னார்.

சென்ற மாதம் மறுபடியும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். எக்ஸ் அச்சு அப்படியே உள்ளது. ஒய் அச்சின் ஆட்டம் 0.04 ஆகியிருக்கிறது. சுருள்வில்லா, மரையா என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.