சாலையைக் கடக்க எத்தனை விநாடி?

வகுப்பு: 6 முதல் 8 வரை
பாடங்கள்: கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்
நேரம்: நான்கு பாடவேளைகள்
தேவையானவை: அளவு நாடா, நிறுத்துக் கடிகாரம் (கைப்பேசியும் போதும்), சுண்ணாம்புத் தூள்

"இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடக்க வேண்டும்" என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லித் தருகிறோம். அறிவுரை சரியானதுதான். அதை அப்படியே பின்பற்றும் குழந்தையையும் எங்கள் பள்ளி முன்னுள்ள சாலை காப்பாற்றுமா? எட்டாம் வகுப்பு மாணவர்களோடு இதை அளந்தே பார்த்தேன். தூரம், காலம், வேகம் மூன்றுக்கும் உள்ள தொடர்பைக் கற்பிக்க மிகவும் கைகொடுத்த செயல்பாடு இது.

செயல்பாடு 1: நடக்கும் வேகம்

சாலையின் அகலத்தை விடுமுறை நாள் காலையில் ஆசிரியர்களாகிய நாங்களே அளந்தோம், 12 மீட்டர். விளையாட்டுத் திடலில் 12 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டோம். புத்தகப்பையோடு மாணவர்கள் இயல்பாக நடக்க, மற்றவர்கள் நேரம் குறித்தனர். எட்டாம் வகுப்பு மாணவருக்குச் சுமார் 10 விநாடி; ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சுமார் 15 விநாடி. அதாவது விநாடிக்கு 1.2 மீட்டர், 0.8 மீட்டர்.

செயல்பாடு 2: வண்டி வரும் வேகம்

எதிர்ப்புறக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு இடப்பக்கம் 90 மீட்டரில் சாலை வளைகிறது. அந்த வளைவைத் தாண்டிய பிறகே வண்டி கண்ணில் படும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 11.1 மீட்டர். 90 மீட்டரைக் கடக்கச் சுமார் 8 விநாடி போதும்.

இப்போது இரண்டு கணக்குகளையும் கரும்பலகையில் சேர்த்து எழுதச் சொன்னேன். பார்க்கும்போது சாலை காலியாக இருக்கிறது, குழந்தை இறங்குகிறது, அந்த நொடியில் வளைவில் வண்டி திரும்புகிறது. எட்டாவது விநாடியில் குழந்தை நடுக்கோட்டைத் தாண்டி, சரியாக அந்த வண்டியின் பாதையில் இருக்கும்.

"டீச்சர், அவன் பார்த்துட்டுத்தானே இறங்கினான்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. இந்தப் பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான்.

"ஓட்டுநர் பிரேக் போடுவாரே" என்றான் இன்னொருவன். அங்கே அறிவியல் பாடத்துக்குப் போனோம். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரமும் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

செயல்பாடு 3: எதை மாற்றலாம்?

குழுக்களாகப் பிரிந்து தீர்வு தேடினர்.

முதல் குழு: வேகம் 20 கிலோமீட்டராகக் குறைந்தால் வண்டி வர 16 விநாடி ஆகும். 15 விநாடியில் குழந்தை கடந்துவிடும்.

இரண்டாம் குழு: நடுவில் நின்று செல்ல ஒரு திட்டு வேண்டும். அங்கே நின்று மறுபடி பார்த்தால் மீதி 6 மீட்டரை 7.5 விநாடியில் கடக்கலாம்.

மூன்றாம் குழு: வளைவிலிருந்து 170 மீட்டர் தள்ளிக் கடக்கலாம். "அவ்வளவு தூரம் சுற்றி யார் போவாங்க?" என்று மற்ற குழுக்கள் மறுத்தன. மக்கள் நடக்கும் வழியில்தான் கடவை இருக்க வேண்டும் என்ற நகரத் திட்டமிடல் பாடத்தை அவர்களே சொல்லிவிட்டனர்.

செயல்பாடு 4: தெருவைத் தீர்மானிப்பது யார்?

நெதர்லாந்து எப்போதும் மிதிவண்டிக்கு வசதியான நாடாக இருந்துவிடவில்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மக்கள் போராடினர். ஆம்ஸ்டர்டாமின் டி பைப் பகுதியில் பள்ளிக் குழந்தைகளே விளையாடத் தெரு கேட்டுக் களமிறங்கினர். பிறகே அரசின் திட்டங்கள் மாறின.

நம் நாட்டிலும் விதிகள் உண்டு. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியச் சாலைகள் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் தனிக் கொள்கையே வகுத்தது. பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெறும் நம் பிள்ளைகளுக்கு அதை ஓட்டிச் செல்லப் பாதையும் வேண்டுமல்லவா?

தொடக்க வகுப்புகளுக்கு

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரையச் சொல்லலாம். பயமான இடத்துக்குச் சிவப்பு, பிடித்த இடத்துக்குப் பச்சை. ஒரே இடத்தில் பலர் சிவப்பு தீட்டியிருந்தால் அங்கே பெரியவர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

நேரம் குறிக்கும் செயல்பாட்டைத் திடலில் மட்டுமே நடத்துங்கள். வாகனம் ஓடும் சாலையில் மாணவர்களை அளக்க விட வேண்டாம்.

மாணவர்கள் இந்தக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போட்டுக் காட்டினர். வேகத்தடையும் நடுத்திட்டும் கேட்டுத் தீர்மானம் நிறைவேறி, உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதில் வரும்வரை காலையும் மாலையும் பெற்றோர் இருவர் முறைவைத்து வளைவில் நின்று வண்டிகளை மெதுவாக்குகிறார்கள். உங்கள் பள்ளி வாசலிலும் ஒருமுறை அளந்து பாருங்கள்.