படித்துக்கொண்டிருக்கும் புதினமும் பகிரும் கருத்தும்

புதினத்தைப் படித்து முடித்தபின் எழுதப்படுவது திறனாய்வு. படித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மற்றொருவரிடம் எடுத்துரைப்பதை மனப்பதிவு எனலாம். திறனாய்வுக்குப் பாடத்திட்டத்தில் இடமுண்டு. மனப்பதிவை வெறும் பேச்சென்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயின் ஒரு நூல் ஊரில் நற்பெயர் பெறுவதும் பழி சுமப்பதும் பெரும்பாலும் இப்பேச்சினாலேயே. எனவே அதனைச் சொல்லும் முறையும் கேட்கும் முறையும் பயிலத்தக்கன.

நம் முன்னோர் தனித்திருந்து படித்ததினும் கூடியிருந்து கேட்டதே மிகுதி. சீறாப்புராணத்தையும் நூறு மசலாவையும் கிஸ்ஸாக்களையும் ஒருவர் ஓத, வீட்டு முற்றத்திலும் திண்ணையிலும் பலர் செவிமடுத்தனர். கதையின் போக்கு அவர்கள் முன்னரே அறிந்ததாகும். ஆதலின் அவர்களது சுவை, புலவர் எங்ஙனம் சொன்னார் என்பதில் நிலைத்தது. புதினம் இந்நிலையை மாற்றிற்று. முடிவறியாத வாசகர் பாதிவழியில் நின்று ஊகிக்கலானார். 1893இல் பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடங்கியபோதும், தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ 1988இல் நூலாகுமுன் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தபோதும், ஓர் இதழுக்கும் மறு இதழுக்கும் இடைப்பட்ட காலம் வாசகரின் ஊகத்திற்கே உரியதாயிற்று.

ஊகம் குற்றமன்று. தாம் எவ்விடத்தில் நின்று ஊகிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். மீரானின் ‘சாய்வு நாற்காலி’யை எடுத்துக்கொள்வோம். 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இப்புதினத்தை நம் வகுப்பில் பலர் ஒரே காலத்தில் படித்தனர். முதற்பகுதியில் இருந்த மாணவர் ஒருவர், இது குடும்பப் பெருமை பேசும் நூல் என்றார். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. முஸ்தபாக்கண்ணு தம் முன்னோர் புகழைப் பேசி ஓய்வதில்லை. நூலில் மேலும் சென்றிருந்த மாணவி ஒருவர் அதனை மறுத்தார். சௌதா மன்ஸிலின் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போவதையும், அதபு பிரம்பு என்னும் பெயரால் ‘ஒழுக்கம்’ கற்பிக்க வந்த கோல் மனைவி மரியத்தின் உடலில் இறங்குவதையும் அவர் படித்திருந்தார். பெருமை பேசுபவர் பாத்திரம். அப்பெருமையை நகைப்பவர் ஆசிரியர். இருவரையும் ஒருவராகக் கொள்வதே பாதி வாசிப்பின் பெரும் இடர். இவ்வேறுபாட்டைக் கதைகூறும் முறை பற்றிய பாடநூல் இலக்கணத்தினும் அன்றைய வாதம் தெளிவாகக் கற்பித்தது.

குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சு வழக்கு முதலில் பலரைத் தடுத்தது. ‘மொழி புரியவில்லை’ என்பதும் நேர்மையான மனப்பதிவே. அதனைச் சொல்ல நாணுபவர் நூலையே படிக்காமல் விட்டுவிடுவர்.

சமுதாயப் பெரியவர்கள் சிலர் கேட்கும் வினா ஒன்றுண்டு: “நம் வீட்டுக் குறையை நாமே சந்தியில் வைப்பதா?” இவ்வினாவை எள்ளிப் புறந்தள்ளுதல் தகாது. பிறர் எழுத்தில் முஸ்லிம் பாத்திரம் ஒன்று ஓரமாய் வந்து போவதையே நெடுங்காலம் கண்ட சமுதாயம், தன்னைப் பற்றி எழுதப்படும்போது அஞ்சுவது இயல்பு. ஆயின் வினாவை நூலிடம் கேட்டல் வேண்டும். நூலைப் பற்றிய செவிவழிச் செய்தியிடம் கேட்டலாகாது. கடலோரக் கிராமத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்த்து நிற்கிறார் அகமதுக்கண்ணு முதலாளி. அப்பகுதியைப் படிக்கும் நம் மாணவர் அமர்ந்திருப்பது, அத்தகைய எதிர்ப்பை மீறிச் சமுதாயத்தார் தம் கைப்பொருள் ஈந்து எழுப்பிய ஒரு கல்லூரியில். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இலும் தோன்றின. ஆகவே முதலாளியை நம் பாட்டனாராகவும் காணலாம். அவரை மறுத்து நின்றவர்களையும் நம் பாட்டனாராகக் காணலாம். இவ்விரண்டு உரிமையும் உடைய வாசகர் அப்பக்கத்தில் நின்று சொல்லும் கருத்தைத் திறனாய்வாளர் வெளியிலிருந்து சொல்லிவிட இயலாது. அது பதிவு செய்யப்படாமல் போவது நமக்கே இழப்பு.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. வீட்டினுள் வாழும் பெண்களின் உலகைச் சிறுமி ராபியா முதலான பலரின் வழியே காட்டும் நூல். இதனைப் பற்றி வகுப்பில் மாணவர் தாராளமாகப் பேசினர். மாணவியர் வாய் திறக்கவில்லை. படிக்காதவர் பேசியதும் படித்தவர் அடங்கியதும் அன்று நாம் கண்ட முரண். பின்னர்ப் பெயரிடாத தாள்களில் எழுதித் தருமாறு கேட்டபோது நிலை மாறியது. ‘என் பெரியம்மாவின் அறை இப்படித்தான் இருக்கும்’ என்றது ஒரு தாள். ‘இவ்வளவும் சொல்ல வேண்டுமா?’ என்று கேட்டது மற்றொன்று. இரண்டையும் வகுப்பில் படித்தோம்; எதையும் திருத்தவில்லை. மனப்பதிவைப் பகிர்வதற்கு நூலைப் போலவே இடமும் வேண்டும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. வாசகர் வட்டம் தொடங்குவது எளிது. அதில் யார் பேசுகிறார், யார் பேசாதிருக்கிறார் என்று கவனிப்பதுதான் அரிது.

இப்பொழுது முதுகலை மாணவர் சிலர் ‘அசன்பே சரித்திரம்’ படித்துவருகின்றனர். கண்டியில் பிறந்து வழக்கறிஞராகப் பணியாற்றி ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்திய சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட புதினம் இது. இலங்கை முஸ்லிம் ஒருவர் கதையை எகிப்தில் ஏன் தொடங்கினார் என்று ஒருவர் வியக்கிறார். மற்றொருவர், இது புதினமே அன்று, உரைநடையில் அமைந்த கிஸ்ஸா என்கிறார். இருவரும் இன்னும் பாதியைக் கடக்கவில்லை. இருவர் குறிப்புகளையும், அவர்கள் நின்ற பக்க எண்ணோடு, துறையின் கையெழுத்து ஏட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.