குட்டி நாய்க்குக் கழிப்பிடம் பழக்குவது எப்படி?

செலாயாங்கில் ஒரு வரிசை வீடு. பள்ளி விடுமுறை தொடங்கியதும் இரண்டு மாதக் குட்டி நாய் ஒன்று அங்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். மூன்றாம் நாள் வரவேற்பறையில் ஈரம், சாமி அறை வாசலிலும் ஈரம். "இதற்குப் புத்தியே இல்லை. யாரிடமாவது கொடுத்துவிடலாம்" என்கிறார் அப்பா.

மாணவர்களே, குட்டியிடம் தவறு இல்லை. அதன் உடலும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், அந்த வீட்டிலேயே அதை வைத்திருக்க நீங்கள் உதவலாம்.

உடல் வளர்ச்சி

பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீர், மலம் கழிக்க முடியாது. தாய் நாய் நாக்கால் நக்கித் தூண்டிவிடும். பிறகு குட்டிகள் தாமாகவே படுக்கும் இடத்தை விட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்கும்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், சுமார் ஒன்பது வார வயதில் குட்டிகள் குறிப்பிட்ட இடங்களைத் தேடிச் சென்று கழிக்கத் தொடங்குவதாகப் பதிவு செய்துள்ளனர். ஆகவே, குட்டி வீட்டுக்கு வரும் வயதும் இடம் பழகும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

படுக்கையை அசுத்தம் செய்யக்கூடாது என்பது குட்டிக்கு இயல்பாகவே தெரியும். ஆனால் வீடு முழுவதையும் அது படுக்கையாக நினைப்பதில்லை. வரவேற்பறை அதற்கு வெறும் திறந்த வெளி.

எப்போது வெளியே கொண்டு செல்வது?

சிறுநீர்ப்பையின் வாயை மூடிப்பிடிக்கும் சுருக்குத்தசையைக் கட்டுப்படுத்தும் திறன் மெதுவாகத்தான் வளரும். பொதுவான கணக்கு இது: குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம். இரண்டு மாதக் குட்டிக்கு 2 + 1 = 3 மணி நேரம். விழித்து விளையாடும்போது அவ்வளவு நேரம்கூடத் தாங்காது.

உணவு இரைப்பையை விரிக்கும்போது பெருங்குடலும் அசையத் தொடங்கும். இது ஓர் அனிச்சைச் செயல், நமக்கும் உண்டு. அதனால் சாப்பிட்டவுடன், தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன் ஒரே வாசல் வழியாக ஒரே இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இரவிலும் ஒருமுறை எழ வேண்டியிருக்கும். தரையை முகர்ந்துகொண்டே வட்டமடித்தால், அதுதான் அறிகுறி.

பரிசு எப்போது?

எட்வர்ட் தோர்ண்டைக் என்ற உளவியலாளர் பூனைகளைப் பெட்டியில் அடைத்துச் செய்த சோதனைகளை 1898இல் வெளியிட்டார். கதவைத் திறக்கும் செயலைத் தற்செயலாகச் செய்த பூனைக்கு உடனே விடுதலையும் உணவும் கிடைத்தன. அடுத்தடுத்த முறைகளில் அது விரைவாகவே வெளியே வந்தது. நல்ல பலன் தரும் செயல் மீண்டும் நிகழும் என்பதே அவர் கண்ட 'விளைவு விதி'.

குட்டி சரியான இடத்தில் கழித்து முடித்த அதே நொடியில் ஒரு சிறு துண்டு உணவைக் கொடுத்துப் பாராட்டுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது கற்றுக்கொள்ளும்.

"தப்பு செய்த முகம்" உண்மையா?

ஈரத்தைக் காட்டித் திட்டினால் குட்டி தலைகுனிகிறது. "தப்பு என்று தெரிந்தே செய்திருக்கிறது" என்கிறோம். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களிடம் இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார். தவறு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், உரிமையாளர் திட்டியபோதுதான் நாய்கள் அந்த முகத்தை அதிகம் காட்டின. அது நம் கோபத்துக்கான எதிர்வினை.

திட்டியும் அடித்தும் பழக்கினால் குட்டி ஒன்றை மட்டுமே கற்கும்: மனிதர் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்க வேண்டும்!

வாசனையை அழியுங்கள்

மனித மூக்கில் சுமார் 5 முதல் 6 மில்லியன் மண உணர்செல்கள் உள்ளன. நாயின் மூக்கில் 200 மில்லியனுக்கும் மேல். நமக்குத் தெரியாத வாசனையும் குட்டியை அதே இடத்துக்கு இழுக்கும். நொதி கலந்த துப்புரவு நீர் சிறுநீரின் எச்சங்களைச் சிதைக்கும். அம்மோனியா கலந்ததைத் தவிர்க்கவும். அது சிறுநீர் வாசனையை ஒத்தது. குளோரின் வெளுப்பானைச் சிறுநீர்மேல் ஊற்றாதீர்கள். இரண்டும் வினைபுரிந்து நச்சு வாயு உண்டாகலாம்.

நலமும் அண்டை வீடும்

பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். தடுப்பூசிகள் முடியும்வரை பொதுப் பூங்காவுக்குப் போகாமல் உங்கள் வீட்டு முற்றத்தையே பயன்படுத்துங்கள். குட்டியின் மலத்தில் உருளைப்புழு முட்டைகள் இருக்கலாம். பையில் எடுத்துக் கட்டி, கையைச் சோப்பால் கழுவுங்கள்.

நம் வரிசையில் நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்களும் இருப்பார்கள். அவர்கள் வாசல் சுத்தமாக இருப்பது உங்கள் பொறுப்பு. செலாயாங் நகராண்மைக் கழகத்தின் உரிமத்தையும் பெற்றோர் எடுத்துவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

ஏழு நாள்களுக்கு ஓர் அட்டவணை எழுதுங்கள்: உணவு நேரம், சிறுநீர் நேரம், மலம் கழித்த நேரம், இடம். பிறகு விடை காணுங்கள்.

1. உணவுக்கும் மலத்துக்கும் இடையே சராசரியாக எத்தனை நிமிடம்?
2. வீட்டுக்குள் நடந்த தவறுகள் எந்த நேரத்தில் அதிகம்? அப்போது குட்டியைக் கவனித்தவர் யார்?
3. நாள்தோறும் தவறுகளின் எண்ணிக்கைக்குக் கோட்டு வரைபடம் வரையுங்கள். கோடு இறங்குகிறதா?

அந்த அட்டவணையை அப்பாவிடம் காட்டுங்கள். குட்டி எப்போது வெளியே போக வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்துவிட்டாலே பாதிப் பழக்கம் முடிந்தது.